கரைத்தீவுக் கடலின் முத்துச்சிப்பி: ஓர் உயிரினம் பெயர் பெற்ற வரலாறு

ஈழத்தின் வடமேற்குக் கரையில், கற்பிட்டிக் குடாநாட்டுக்கு வடக்கே, போர்த்துக்கல் குடாவின் மேற்கு எல்லையாக ஒடுங்கிக் கிடக்கும் மணற்பாங்கான நிலமே கரைத்தீவு ஆகும். புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரை இதே ஒலிப்புடைய பிற ஊர்களோடு மயங்குவோர் உளர். கல்முனைக்கு அண்மையில் ஒரு காரைதீவு உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைநகரும் முன்னர் அப்பெயரால் வழங்கியதே. ஆங்கிலேயரின் கடற்படங்களும் அறிக்கைகளும் இவையனைத்தையும் ஏறத்தாழ ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவைத்தமையால், பழைய பத்திரங்களைப் படிப்போர் எந்தத் தீவு பேசப்படுகின்றது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டியவராகின்றனர். முத்துக்குளிப்புத் தொடர்பான ஆவணங்களில் இப்பெயர் வருமிடத்து அது பெரும்பாலும் புத்தளத்துக் கரைத்தீவே. ஏனெனில் மன்னார்க் குடாவின் முத்துப் பார்களுள் ஒன்று இத்தீவின் பெயரையே தாங்கியுள்ளது.

பார் என்பது கடலடியிற் கல்லும் இறுகிய மணலும் சேர்ந்த திடல். அலையும் மணலில் நிலைகொள்ள இயலாத முத்துச்சிப்பி இத்திடல்களையே பற்றி வாழும். மன்னார்த் தீவுக்குத் தெற்கே தொடங்கிச் சிலாபம் வரை, கரையிலிருந்து பல மைல் தொலைவில், பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் வரையிலான ஆழத்தில் இவை பரந்து கிடக்கின்றன. சேவற்பார், மோதரகம்பார், பெரியபார், ஆலந்துறைப்பார், கரைத்தீவுப்பார், முத்துவரட்டுப்பார் என வழங்கும் பெயர்களிற் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்கள். கடலின் மேற்பரப்பிற் காணக்கூடிய அடையாளம் ஒன்றுமில்லாத இவ்விடங்களைக் கரையின் குறிகளைக் கொண்டும் ஈயக்குண்டு விட்டும் தெரிந்துகொண்ட மாலுமிகளும் குளிகாரரும் இட்ட பெயர்களை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அப்படியே தம் கடற்படங்களில் எழுதிக்கொண்டனர். இடத்துக்குப் பெயரிட்டவர் கடலோடிகள். அவ்விடத்தில் வாழ்ந்த உயிருக்கு நூலுலகம் ஏற்ற பெயரை இட்டவர்களோ அக்கடலைக் காணாதவர்கள். அப்பெயரும் ஒன்றாக நிலைக்கவில்லை. கரைத்தீவுப்பாரின் சிப்பி எந்த இனம் என்ற வினாவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அவ்விடைகளுட் சில நூலகங்களுக்குள் அடங்கி நின்றன. சில ஒரு நாட்டின் வருமானத்தையும் பல்லாயிரவரின் பிழைப்பையும் தொட்டன.

இக்கரையில் வகைப்படுத்தும் கலை ஐரோப்பியரோடு வந்ததன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாகப் பகுத்து, நந்து முதலியவற்றை ஈரறிவுயிர்களுள் வைக்கின்றது. கௌடலியரின் அர்த்தசாத்திரம் முத்தைப் பிறப்பிடம் பற்றி வகுக்குமிடத்துத் தாமிரபரணியின் முத்தையும் பாண்டியகவாடத்தின் முத்தையும் முதலில் வைத்து எண்ணுகின்றது. 1344ஆம் ஆண்டில் இவ்விடத்துக்கு வந்த மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பதூதா, பத்தாலா என்று தாம் குறிப்பிடும் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, சலாபத்திலிருந்து கொண்டுவரப்பட்ட முத்துக்களை மன்னனின் ஏவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதியுள்ளார். புத்தளம் மாவட்டத்துக் கரையில் நடந்த வகைப்படுத்தல் ஒன்றைக் கண்ணாற் கண்டவர் விட்டுச்சென்ற குறிப்பாக இதனைக் கொள்ளலாம்.

அத்தரப்பிரிப்பு முறை பிற்காலம் வரை நிலைத்தது. முத்து வணிகர் பித்தளையாற் செய்த பத்துச் சல்லடைப் பெட்டிகளை வைத்திருந்தனர். முதற்பெட்டியின் அடியில் 20 துளைகள். அடுத்தடுத்த பெட்டிகளில் 30, 50, 80, 100 என ஏறி, இறுதிப் பெட்டியில் 1000 துளைகள். துளையின் எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறுத்துச் செல்லும். எந்தப் பெட்டியில் முத்துத் தங்குகின்றதோ அதுவே அதன் அளவுத்தரம். அளவு கண்ட பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி, கலிப்பு எனத் தொடங்கித் தூள் வரையிலான வகுப்புக்களில் இட்டு, மஞ்சாடியாலும் கழஞ்சாலும் நிறுத்து விலை கூறினர். மிக நுட்பமான வகைப்பாடு இது. ஆயினும் இவ்வகைப்பாடு முழுவதும் முத்தைப் பற்றியதேயன்றி, முத்தைச் சுமந்த உயிரைப் பற்றியதன்று. உயிருக்குச் சிப்பி என்ற பெயரும், இலக்கியத்தில் இப்பி என்ற பெயரும் போதுமானவையாக இருந்தன. வணிகனுக்கு விலைபோவது எதுவோ அதுவே அவன் கண்ணுக்குப் பல வகையாகத் தோன்றும் என்பதில் வியப்பில்லை. குளிகாரரின் அறிவு வேறு வகையானது. இளஞ்சிப்பியை முதிர்ந்த சிப்பியிலிருந்தும், பயன்தரும் சிப்பியைப் பயனற்ற மட்டியிலிருந்தும் கைத்தடவலில் அறிய வேண்டிய தொழில் அவர்களுடையது. அந்த அறிவு எழுத்தில் ஏறாமல் வாய்வழியாகவே வந்தது.

ஐரோப்பிய விலங்கியலில் இச்சிப்பியின் வரலாறு ஒரு பெரும் மயக்கத்தோடு தொடங்குகின்றது. உயிரினங்களுக்கு இருசொற்பெயர் இடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லினேயசு 1758இல் தமது நூலின் பத்தாம் பதிப்பில் முத்துச்சிப்பிக்கு மைற்றிலசு மாகரிட்டிபெரசு என்று பெயரிட்டார். முத்தைத் தாங்குவது என்பது அதன் பொருள். முத்துத் தரும் கடற்சிப்பிகள் உலகின் பல கடல்களிற் பல இனங்களாக வாழ்கின்றன என்பது அக்காலத்தில் தெளிவாக அறியப்படவில்லை. ஆதலால் அப்பெயர் ஒரு குடைபோல விரிந்து அனைத்தையும் மூடிக்கொண்டது. பின்வந்தோர் பேரினப் பெயரை மாற்றி மெலியாகிறினா மாகரிட்டிபெரா என்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி நூல்கள் பலவற்றில் இலங்கைச் சிப்பியும் இப்பெயராலேயே வழங்கியது. உண்மையில் அப்பெயருக்குரிய சிப்பி உள்ளங்கையிலும் பெரியது, கருமையான விளிம்புடையது, முத்தைவிட ஓட்டுக்காகவே பெரிதும் விலைபோவது. கரைத்தீவுப்பாரின் சிப்பியோ ஏறத்தாழ மூன்று அங்குலமே வளர்வது, ஓடு மெலிந்தது, முத்துக்காக மட்டுமே தேடப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது ஆலையும் அரசையும் ஒன்றென்பது போன்றது எனலாம்.

இம்மயக்கத்தைத் தீர்க்கவேண்டிய தேவை அறிவு நாட்டத்தால் மட்டும் எழவில்லை; வெறுமையான திறைசேரியாலும் எழுந்தது. மன்னார்க் குடாவின் முத்துச் சலாபம் ஒருபோதும் ஆண்டுதோறும் நடந்ததில்லை. சில ஆண்டுகள் பார்கள் சிப்பியால் நிறைந்திருக்கும்; பின்னர் காரணம் தெரியாமல் வெறுமையாகும். பிரித்தானியர் ஆட்சியில் 1838 முதல் 1854 வரையும், 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் சலாபம் இல்லாதிருந்தது. முதலாவது நீண்ட இடைவெளியின் பின்னரே அரசாங்கம் சிப்பியின் இயல்பை ஆராய ஒருவரை நியமித்தது. அவர் எட்வேட் பிறெடெறிக் கெலாட். இலங்கையிற் பிறந்த பறங்கியர், இராணுவ வைத்தியர், 1852இல் இலங்கையின் விலங்குகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டுப் பெயர்பெற்றவர்.

கெலாட் 1857 முதல் 1859 வரை அளித்த அறிக்கைகள் இத்துறையில் முதல் முறையான ஆய்வுகளாகும். திருகோணமலையிற் சிப்பிகளை உயிரோடு வைத்துப் பார்த்து, அவை தம்மைப் பாறையோடு பிணைக்கும் நார்க்கற்றையைக் கழற்றிவிட்டு நகர்ந்து, வேறிடத்திற் புதிய நாரைச் சுரந்து பற்றிக்கொள்ளும் என்று கண்டார். உண்ணப்படும் உண்மையான சிப்பி ஓட்டைப் பாறையோடு ஒட்டிக்கொண்டு அசையாது கிடப்பது. முத்துச்சிப்பியோ நாரால் தொங்குவது. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கினாலும் குலம் வேறு. கெலாட் தம்பலகாமத்து ஏரியில் வாழும் பளிங்குபோன்ற தட்டைச் சிப்பியையும் ஆராய்ந்தார். அதுவும் சிறு முத்துக்களைத் தரும். ஆனால் அது முற்றிலும் வேறான குடும்பம். சுவிற்சலாந்து நாட்டு ஊம்பேரோடு சேர்ந்து அவர் கண்ட இன்னொன்றும் உண்டு. சிப்பியின் உடலிற் சிறு புழுக்கள் வாழ்கின்றன. முத்து உருவாவதற்கு அவை காரணமாகலாம் என்பது அது. 1860இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிற் கெலாட் காலமானார். அவர் தொடங்கியவற்றுட் பல நாற்பது ஆண்டுகள் தொடர்வாரின்றிக் கிடந்தன. இந்நாட்டிற் பிறந்த ஒருவர் இங்கிருந்தே செய்த ஆய்வு தொடரப்பெற்றிருந்தால் பின்னர் நேர்ந்த சில குழப்பங்கள் நேராதிருந்திருக்கலாம்.

இதற்கிடையில் நூலகங்களிற் பெயர்கள் பெருகின. டென்மார்க்கின் சூமாக்கர் 1817இல் ஒரு சிப்பிக்கு வல்காரிசு, அதாவது சாதாரணமானது, என்று பெயர் வைத்திருந்தார். அமெரிக்காவின் கூல்ட் 1850இல் பசிபிக் சமுத்திரத்திலிருந்து வந்த ஓடு ஒன்றைப் பியூக்காட்டா, அதாவது சாயமூட்டப்பெற்றது, என்றார். இலீச்சு என்னும் ஆங்கிலேயர் 1814இல் இட்ட றேடியாட்டா என்ற பெயருக்குக் கதிர்விரித்தது என்பது பொருள். இவர்கள் ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்த ஓட்டை நோக்கிப் பெயரிட்டனர். அவ்வோட்டுக்குள் இருந்த உயிரை அவர்கள் கண்டிலர். சென்னையில் அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கார் தேர்ஸ்டன் மன்னார்க் குடாவின் சிப்பியைப் பியூக்காட்டா என்று எழுதினார். 1901இல் இலண்டன் விலங்கியற் கழகத்தின் வெளியீட்டில் இலிஸ்டர் ஜேம்சன் முத்துச்சிப்பிகள் அனைத்தையும் மீளாய்வு செய்து, இலங்கைச் சிப்பியைக் கரிய விளிம்புடைய பெருஞ்சிப்பியிலிருந்து தெளிவாகப் பிரித்து, சூமாக்கரின் பெயரைப் புதுப்பித்து மாகரிட்டிபெரா வல்காரிசு என நிறுவினார். குடை அன்றுதான் மடங்கியது.

இவ்வினத்தைப் பிரித்தறியும் முறை கல்லூரி மாணவரும் செய்து பார்க்கத்தக்க எளிமையுடையது. சிப்பியின் இரு ஓடுகளும் இணையும் நேர்கோட்டை மூட்டுக்கோடு என்பர். இலங்கைச் சிப்பியில் அது நீளமானது. ஓட்டின் மிகக்கூடிய அகலத்திற்கு ஏறக்குறைய நெருங்கி வரும். அதன் இரு முனைகளிலும் சிறு பற்கள் போன்ற புடைப்புக்கள் உண்டு. கரிய விளிம்புடைய பெருஞ்சிப்பியில் அப்பற்கள் இல்லை. இடப்புற ஓடு வலப்புற ஓட்டைவிடக் குழிந்தது. வெளிப்புறம் செம்மையோ மஞ்சளோ கலந்த கபிலநிறம். அதன்மேல் மூட்டிலிருந்து விளிம்பு நோக்கி வெளிறிய கதிர்கள் ஓடும். உட்புறத்து மணிப்படலம் பொன்கலந்த ஒளியுடையது. நிறம் ஏமாற்றும்; ஒரே பாரில் எடுத்த சிப்பிகளிலும் அது வேறுபடும். அளவு அகவையோடு மாறும். பற்களே நம்பத்தக்கவை. விரல் நகத்தாற் தடவினாற் புலப்படும் இரு புடைப்புக்களில் ஓர் இனத்தின் அடையாளம் தங்கியிருக்கின்றது.

1901இல் இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோள் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுத் தலைவர் றே லங்கெஸ்டரிடம் சென்றது. அவர் பரிந்துரைத்தவர் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன். அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்ணலும் 1902 சனவரியில் வந்து ‘லேடி ஹவ்லொக்’ என்னும் நீராவிக் கப்பலில் மன்னார்க் குடா முழுவதையும் வாரி இழுத்தும் சுழியோடுவோரை இறக்கியும் ஆராய்ந்தனர். ஏப்ரலில் ஹேர்ட்மன் திரும்பினார், ஹோர்ணல் தங்கினார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் றோயல் சொசைற்றி வெளியிட்ட அவர்களது அறிக்கை, முத்துச்சிப்பிக்காகத் தொடங்கிக் கடற்பஞ்சு முதல் நண்டு வரை இக்கடலின் உயிர்கள் பலவற்றை முதன்முறை விவரித்தது. கரைத்தீவுக்கு அப்பாலுள்ள கடலடியில் எவ்வகை மணல், எவ்வகைக் கல், எவ்வகை உயிர் என்பதை உலகம் அறிந்தது அப்பக்கங்களின் வழியாகவே.

அவ்வறிக்கையிற் பெரியபார் பற்றிய பகுதி தனியே நோக்கற்பாலது. குளிகாரர் அதனைத் தாய்ப்பார் என்பர். ஆண்டுதோறும் அங்கு எண்ணிறந்த இளஞ்சிப்பிகள் தோன்றும், பின்னர் மறையும். அவை பிற பார்களுக்குக் குடிபெயர்ந்து அவற்றை நிறைக்கின்றன என்பது அவர்களின் நம்பிக்கை. ஹேர்ட்மன் கண்டது வேறு. 1880 முதல் குறைந்தது பதினொரு தடவை இயற்கையாக நிறைந்தும் அப்பார் ஒரு சலாபத்தையும் தரவில்லை. ஆழ்கடலின் விளிம்பில் அமைந்த அதன்மேல் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை மோத, மணல் பெயர்ந்து குஞ்சுகள் புதைந்து மடிகின்றன என்றார். தாய் என்று பெயர்பெற்றது உண்மையில் இடுகாடு. ஆதலின் அங்குள்ள இளஞ்சிப்பியை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் இடுக என்பது அவரது அறிவுரை. இவ்விடத்திற் குளிகாரரின் கருத்துப் பிழையாயிற்று என்று முடித்துவிடுதல் நேர்மையன்று. இளஞ்சிப்பி முதலில் எங்கே பெருந்தொகையாகத் தோன்றுமென்பதை அவர்களே அறிந்திருந்தனர். அவ்வறிவின்றிப் பெயர்த்து நடுதல் என்ற யோசனைக்கே இடமிருந்திராது.

இனங்காணல் பார்மேலும் நடந்தேறவேண்டிய வேலையாகவிருந்தது. சூரன் எனக் குளிகாரர் வழங்கும் சிறு மட்டியொன்று நார்வலை பின்னிப் பார்களைப் போர்த்து இளஞ்சிப்பியை மூச்சடைக்கச் செய்யும். முத்துச்சிப்பிக்கு உறவான வேறு சிறு சிப்பிகளும் இளம் பருவத்தில் அதன் சாயலோடு தோன்றும். பாரைப் பரிசோதிக்கும் அதிகாரி ஒரு கூடை இளஞ்சிப்பியை எண்ணி, இத்தனை ஆண்டில் இத்தனை இலட்சம் என்று கணக்கிட்டு அறிக்கை எழுதுவார். அக்கணக்கை நம்பியே சலாபம் அறிவிக்கப்படும். கீழக்கரையிலும் தொண்டியிலும் தூத்துக்குடியிலும் தோணிகள் சித்தமாகும். வணிகர் கடன்பட்டுப் பணம் திரட்டுவர். கூடையிலிருந்தது வேறு இனமாயின் அத்தனை ஏற்பாடும் வீண். குளிகாரனின் கூலி எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்காகவே இருந்தமையால், பார் பொய்த்தாற் பொய்ப்பது அவனது அடுப்பும் ஆகும்.

1903இல் சலாபம் மீண்டது. அவ்வாண்டு சுமார் 4 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1905இல் 8 கோடிக்கு மேல். மரிச்சுக்கட்டியில் மணல்மேல் ஒரு நகரம் எழுந்து சில வாரங்களில் மறைந்தது. தமிழ்நாட்டுக் குளிகாரரோடு பாரசீகக் குடாவின் அரேபியரும் வந்து மூழ்கினர். 1906இல் அங்கு சிப்பி எண்ணும் கொட்டிலில் அதிகாரியாயிருந்த இளைஞர்களுள் ஒருவர் பின்னர் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப். சலாபத்தைக் களமாகக் கொண்ட அவரது சிறுகதை 1921இல் நூலில் வெளிவந்தது. இவ்வளவு செழிப்பைக் கண்ட அரசாங்கம், ஆண்டுக்கு 3 இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களை ஒரு பிரித்தானியக் கொம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. ஹோர்ணலின் அறிவியலும் கொம்பனியின் பணமும் சேர்ந்தாற் கடல் ஒரு தோட்டமாகிவிடும் என்ற நம்பிக்கை அன்று பரவியிருந்தது.

அந்நம்பிக்கைக்கு இன்னொரு பெயர் துணைநின்றது. கெலாட் கண்ட புழுவை ஹேர்ட்மனும் ஹோர்ணலும் மீண்டும் தேடி, இலங்கை முத்துக்களின் நடுவில் நாடாப்புழுவொன்றின் இளநிலை உள்ளதென்று கொண்டனர். 1904இல் சிப்லியும் ஹோர்ணலும் அப்புழுவுக்குத் தெத்றாரிங்கசு யூனியொனிபக்டர் எனப் பெயரிட்டனர். யூனியோ என்பது பெருமுத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். முத்தைச் செய்வது என்பது முழுப்பெயரின் பொருள். சிப்பியிலிருந்து அதைத் தின்னும் கிளாத்தி மீனுக்கும், கிளாத்தியிலிருந்து திருக்கைக்கும் அப்புழு செல்கின்றதென ஒரு வாழ்க்கை வட்டமும் வரையப்பட்டது. சிப்பியை அழிக்கும் திருக்கையே முத்துக்கும் தாயென்ற முரண் அதிலிருந்து பிறந்தது. திருக்கையைக் கொல்வதா காப்பதா என்றொரு கேள்வியும் எழுந்தது. பெயரிடுதல் என்பது பொருளை விவரிப்பதோடு நின்றுவிட்டாற் கேடில்லை. இப்பெயரோ நிறுவப்படாத ஒரு கருத்தையே சொல்லாக்கிவிட்டது. புழுவின் பெயரை உச்சரிப்பவர் ஒவ்வொருவரும் கொள்கையையும் சேர்த்தே உச்சரித்தனர்.

1912இல் அதே ஜேம்சன் இலங்கை முத்துக்களை மெல்லிதாக அறுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கி எழுதிய நீண்ட கட்டுரை இக்கொள்கையைத் தகர்த்தது. சிப்பியிற் காணப்பட்ட இளம்புழு திருக்கையிற் கண்ட முதிர்ந்த புழுவின் பிள்ளையே அன்று. அது தைலோசெபலம் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது என்றார். நல்ல முத்துக்களின் நடுவிற் புழு இருப்பது பொதுவிதியன்று என்றும், ஓட்டைச் சுரக்கும் மென்தோலின் உயிரணுக்கள் உடலுக்குட் பைபோல் மூடிக்கொள்வதே முத்துப் பிறப்பின் அடிப்படை என்றும் வாதிட்டார். ஹேர்ட்மன் எளிதில் இணங்கவில்லை. ஆனால் அதற்குள் பார்கள் தம் தீர்ப்பை வழங்கிவிட்டன. 1906இலும் 1907இலும் குளித்த பின்னர் கொம்பனிக்குச் சலாபமே கிடைக்கவில்லை; கொம்பனி கலைக்கப்பட்டது. ஹோர்ணல் சென்னை மாகாணத்தின் மீன்பிடித் துறைக்குச் சென்றார். பிரித்தானியர் காலத்தின் இறுதிச் சலாபம் 1925இல் நடந்தது.

உயிரணுக்களே முத்தைச் செய்கின்றன என்ற உண்மையைத் தொழிலாக்கியவர்கள் யப்பானியர். மிக்கிமோட்டோ 1893இல் அரைமுத்தை விளைவித்தார். மென்தோலின் சிறு துண்டோடு மணியொன்றைச் சிப்பியின் உடலுக்குட் புகுத்தி உருண்டை முத்து விளைவிக்கும் முறையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கு கைவந்தது. அவர்கள் கையாண்ட அக்கோயாச் சிப்பிக்கு மார்ட்டென்சி என்பது நூற்பெயர். அது கரைத்தீவுக் கடலின் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவு என்பதும், இரண்டையும் ஒரே இனமாகவே கொள்ளலாம் என்பதும் பின்னரே வற்புறுத்தப்பட்டன. மன்னார்க் குடா சிப்பியின்றி வெறிச்சோடிய அதே காலத்தில், அதன் உடன்பிறப்பு வேறொரு கடலிற் கோடிக்கணக்கிற் கூடைகளில் வளர்க்கப்பட்டது. இயற்கை முத்தின் விலையை வீழ்த்தியவற்றுள் அதுவும் முக்கியமானது.

பெயர் வழக்கோ முடியவில்லை. பேரினத்துக்குப் பிங்டாடா என்ற பெயரே மூத்தது எனப் பின்னர் நிலைநாட்டப்பட்டது. அம்பர்க் நகர் வைத்தியர் போல்ற்றன் இறந்தபின் அவரது சங்கு சிப்பித் தொகுதியை விற்பதற்காக 1798இல் றோடிங் அச்சிட்ட பட்டியலில் வந்த பெயர் அது. ஏலக் கையேடொன்றில் அச்சேறிய சொல், முறைப்படி முதலில் வந்ததென்ற ஒரே உரிமையினால், அறிஞரின் பெருநூல்கள் இட்ட பெயர்களையெல்லாம் பின்தள்ளியது. அதே பட்டியலில் வரும் இம்பிரிக்காட்டா, அதாவது ஓடு வேய்ந்தாற் போன்றது, என்ற இனப்பெயர் அத்திலாந்திக் கரையின் சிப்பிக்கு உரியது. பாரசீகக் குடாவின் ஆய்வாளர் தம் சிப்பியை றேடியாட்டா என்றே எழுதினர். 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட ஐந்தே ஆண்டுகளில், 1874இல், அது எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மத்தியதரைக் கடலை அடைந்தமை பதிவாயிற்று. இந்திய ஆய்வாளரோ பியூக்காட்டா என்ற பெயரைக் கைக்கொண்டனர். 1973இல் தூத்துக்குடிக் கரையில் கே. அழகர்சாமி தலைமையில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் இந்தியாவின் முதலாவது உருண்டையான வளர்ப்பு முத்தைப் பெற்றபோது அறிக்கையில் அப்பெயரே இருந்தது. நீரிணைக்கு இப்பாலோ வல்காரிசு என்ற பழைய பெயர் இலங்கைக் கடற்றொழில் வெளியீடுகளில் நெடுங்காலம் நின்றது. ஒரே குடாவின் இரு கரையிலும் ஒரே சிப்பிக்கு இரு பெயர்.

ஓட்டின் வடிவை மட்டும் கொண்டு தீராத இவ்வழக்கை மரபணுவைக் கொண்டு தீர்க்கும் முயற்சி 21ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. அத்திலாந்திக்கின் இம்பிரிக்காட்டா, மேற்கு இந்துசமுத்திரத்தின் றேடியாட்டா, கிழக்கின் பியூக்காட்டா ஆகிய மூன்றும் மிக நெருங்கிய ஒரே கூட்டம் என்பது அவ்வாய்வுகளால் உறுதியாயிற்று. அவற்றை ஓரினத்தின் உட்பிரிவுகளாகக் கொள்வோரும், தனித்தனி இனங்களாகக் கொள்வோரும் உளர். மேற்கின் பெயருக்கும் கிழக்கின் பெயருக்கும் இடைப்பட்ட கடலிலேயே மன்னார்க் குடா கிடக்கின்றது. அதன் தென்புறத்தில், ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில், கரைத்தீவுப்பார் என்ற தமிழ்ப் பெயரோடு ஒரு கற்றிடல் இருக்கின்றது.